வடசேரி நகைக்கு ஒரு வெப்சைட்: கொட்டேஷன் போடும் முன்

வெப்சைட் செய்து தரும் ஃப்ரீலான்சரிடம் வாடிக்கையாளர் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும் தம்பி?" வாட்ஸ்அப்பிலேயே தொகையைத் தட்டிவிட்டால் பின்னால் அவதிதான்.

நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற நகை. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் தேடி வாங்குவது. பார்வையில்லாத ஒரு தாய், மகளின் அரங்கேற்றத்துக்கு யார் துணையும் இல்லாமல் இந்தத் தளத்தில் ஒட்டியாணம் வாங்க முடியுமா? தொகை சொல்லும் முன் யோசிக்க வேண்டியது இதைத்தான். முடிய வேண்டுமென்றால் அந்த வேலைக்குக் கொட்டேஷனில் தனி வரி வேண்டும். தளம் முடிந்த பிறகு சேர்க்கப் போனால் பாதியைப் பிரித்துப் போட நேரும். அதற்குக் காசு கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் செய்வது தயவு தாட்சண்யம் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆவது பிரிவு தனியார் சேவைகளையும் கட்டுப்படுத்துகிறது. இணைய வசதியை அணுகுவது வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

முதல் வேலை, மேட்டரைச் சோதிப்பது. வாடிக்கையாளர் கொடுப்பது பெரும்பாலும் டிடிபி கடையில் நோட்டீசுக்கு அடித்த ஃபைலாக இருக்கும். அது பாமினி எழுத்துருவில் இருந்தால், திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கும். பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைத்தான் படிக்கும்; கூகுளும் அதைத்தான் பார்க்கும். யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துப்பிழை பார்க்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்ற குறியையும் கோடில் கொடுக்க வேண்டும். இல்லையேல் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று திணறும்.

அடுத்து, காகிதத்தில் பக்க அமைப்பு. தலை நகை, கழுத்து நகை, இடுப்பு நகை என்று பிரிவுகள்; ஒவ்வொன்றும் உண்மையான தலைப்புக் குறியோடு. எழுத்தைத் தடிமனாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. மாதிரி வேண்டுமென்றால் குமரி மாவட்ட நிர்வாகத்தின் தளத்தைத் திறந்து பார்க்கலாம். தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் கட்டமைப்பில் இயங்கும் அதில், மெனுவைத் தாண்டி நேராக விஷயத்துக்குப் போகும் இணைப்பு உண்டு.

படங்களில்தான் இந்தத் தளம் நிற்கும், விழும். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் 'நகை 1' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். 'தங்க முலாம் பூசி, சிவப்புக் கல் பதித்த சூரியப்பிறை. கீழே முத்து வரிசை' என்று எழுதினால் வாங்குகிறவருக்குப் பொருள் புரியும். இந்த விவரம் பட்டறைக்காரரின் வாயிலிருந்துதான் வரும். எனவே அவருடன் உட்காரும் அரை நாளும் கொட்டேஷனில் வரட்டும். விலையைப் படத்துக்குள் எழுதி ஒட்டுவது கூடவே கூடாது.

நகைக்கடை என்றாலே தங்க நிற எழுத்து கேட்பார்கள். வெள்ளைப் பின்னணியில் வழக்கமான தங்க நிறத்தின் வேறுபாட்டு விகிதம் சுமார் 2.1, சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் நெறிமுறை கேட்பது 4.5. அதே தங்கத்தை அடர் அரக்குப் பின்னணியில் வைத்தால் விகிதம் 7ஐத் தாண்டும், கோயில் களையும் கிடைக்கும். இது எல்லோரும் சறுக்கும் இடம்: வெப்எய்ம் அமைப்பு 2025இல் ஆராய்ந்த பத்து லட்சம் முகப்புப் பக்கங்களில் 79.1 சதவீதத்தில் மங்கலான எழுத்து இருந்தது.

ஆர்டர் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வேண்டும்; தவறைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் வார்த்தையிலும் சொல்ல வேண்டும். பொத்தான்கள் 24 பிக்சலுக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

ஒரு வரி கோடு ஒட்டினால் தளம் தானாகச் சரியாகும் என்று விற்கப்படும் கருவிகளை நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ஆக்சசிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. லைட்ஹவுஸ், வேவ் போன்ற சோதனைக் கருவிகளும் பிழைகளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். மவுஸை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் ஆர்டர் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. அதைவிடச் சிறந்தது, திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்துச் சோதிக்கச் சொல்வது.

பண விஷயம் சுருக்கம்தான்: பாதி அட்வான்ஸ், டொமைன் வாடிக்கையாளர் பெயரில், புதிய நகைப் படங்களுக்கு இனி மாற்று உரை எழுதப்போவது யார் என்பது எழுத்தில்.

விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த கொட்டேஷனை அனுப்பும் முன், நீங்கள் கடைசியாகச் செய்து கொடுத்த தளத்தைத் திரையை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.