தொற்று நீங்கிய பின் தோன்றும் அழற்சி

மாணவர்களே, நோயாக்கிகளை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதி சில வேளைகளில் எமது சொந்த இழையங்களுக்கே தீங்கு விளைவிக்கும். பின்வரும் உதாரணத்தைக் கவனியுங்கள்.

கொவிட் - 19 தொற்றிய பிள்ளைகளுட் பெரும்பாலானோருக்கு இலேசான காய்ச்சலும் தடிமனுமே ஏற்பட்டன. சிலருக்கு அறிகுறிகளே தோன்றவில்லை. எனினும் மிகச் சிலர் 2 தொடக்கம் 6 வாரங்களின் பின்னர் கடுமையாக நோயுற்றனர். 2020 ஏப்பிரலில் பிரித்தானிய வைத்தியர்கள் இதுபற்றி எச்சரித்தனர். இது பல்தொகுதி அழற்சி நோய் எனப்படும்.

அறிகுறிகள்:
1. தொடர்ச்சியான காய்ச்சல்
2. வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம்
3. கண் சிவத்தல், தோலிற் சிவந்த தழும்புகள்
4. குருதியமுக்கம் குறைதல், இதயத்தசை பலவீனமடைதல்

வினா: இந்நோய் வைரசின் நேரடித் தாக்கத்தால் மட்டும் ஏற்படுவதன்று எனக் கருதப்படுவது ஏன்?

விடை: இது தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களின் பின்னரே தோன்றுகின்றது. அப்போது நோயாளர் பலரின் மூக்கிலிருந்து பெறும் மாதிரியில் வைரசு காணப்படுவதில்லை. ஆனால் குருதியில் அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் காணப்படும். எனவே இது நிர்ப்பீடனத் தொகுதியின் மிகையான தூண்டற்பேறாகும்.

சிகிச்சை: வழங்கியோரின் குருதியிலிருந்து பெற்ற பிறபொருளெதிரிகளை நாளத்தினூடாக ஏற்றுதல், அழற்சியைத் தணிக்கும் ஸ்டெரொயிட் மருந்துகளை வழங்குதல். உரிய வேளையில் சிகிச்சை பெற்றோருட் பெரும்பாலானோர் குணமடைந்தனர்.

நினைவிற் கொள்க: முதல் நோய் இலேசானது என்பதால், வாரங்களின் பின் வரும் காய்ச்சலை அலட்சியம் செய்யலாகாது. தம்பி தங்கையருக்கு இவ்வறிகுறிகள் தோன்றின், முன்னர் ஏற்பட்ட தொற்றையும் வைத்தியரிடம் கூறுங்கள்.