மிகுதிப் பற்களும் இடம் மாறிய பற்களும்

மாடம்பாக்கத்திலிருந்து வந்திருந்த நம் அங்கத்தினர் ஒருவர், சென்ற ஆண்டு சங்கத்தில் தம் கணக்கை முடித்துக்கொண்டு புறப்படுமுன், உடன் வந்த மகளின் வாயைத் திறந்து காட்டினார். பெண்ணுக்கு வயது ஒன்பது. மேல் வரிசை முன்பற்கள் இரண்டனுள் ஒன்று நன்கு முளைத்திருந்தது; மற்றொன்று இருக்க வேண்டிய இடம் வெறும் ஈறாக இருந்தது. பால் பல் விழுந்து ஓராண்டு ஆகிவிட்டதென்றும், தானாக முளைக்குமென்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவதாகவும் சொன்னார். பல் வைத்தியரிடம் காட்டி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கும்படி கூறினோம். வர வேண்டிய பல் எலும்புக்குள் குறையின்றி இருந்தது. அதன் வழியை மறித்துக்கொண்டு, பீப்பாய் போல் உருண்ட வேறொரு சிறு பல் கிடந்தது.

பால் பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்பது யாவரும் அறிந்ததே. இக்கணக்குக்கு மேற்பட்டு முளைப்பதை மிகுதிப் பல் என்கிறோம். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் தாடையினுள் பற்களுக்கு வித்தாக அமையும் மெல்லிய திசு, அளவுக்கு மீறி மொட்டு விடுவதே இதற்குக் காரணமெனக் கருதப்படுகிறது. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இது காணப்படுகிறது. நிலைப்பற்களைப் பொறுத்தவரை பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு. மேல் முன்பற்கள் இரண்டின் நடுவே தோன்றுவதே பெரும்பான்மை. அது கூம்பு வடிவினதாயின் அக்கம்பக்கத்துப் பற்களை விலக்கியோ திருப்பியோ விடும். சில வேளை வெளியிலும் முளைத்துவிடும். பீப்பாய் வடிவினது பெரும்பாலும் அண்ணத்தின் பக்கமாக உள்ளேயே தங்கி, முன்பல்லை வர விடாமல் தடுக்கும்.

தறியில் அச்சின் ஒரு கண்ணில் ஓர் இழை மிகுதியாகப் புகுந்தால், துணியில் கோடு விழுந்து அது காட்டிக் கொடுத்துவிடும். வாயிலோ மிகுதியான பல் தன்னைக் காட்டுவதில்லை. அடுத்த பல் வராமையே அதற்கு அடையாளம். ஒரு பக்கத்து முன்பல் முளைத்து ஆறு மாதம் கடந்தும் மறுபக்கத்துப் பல் வராவிடில், படம் எடுத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டதென்று கொள்ளலாம்.

எலும்புக்குள் மறைந்திருப்பது எவ்வளவு பெருகக்கூடும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு ஜூலையில், வலப்பக்கக் கீழ்த்தாடை வீங்கிய ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை செய்தனர். தாடையிலிருந்து எடுத்த பை ஏறத்தாழ 200 கிராம் எடை இருந்தது. அதைப் பிரித்து எண்ணி முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்தவை 526 பற்கள்! மிகச் சிறியது மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு. பெரியது 15 மில்லிமீட்டர். இவை வரிசையில் மிகுந்து முளைத்த பற்கள் அல்ல. பல் திசுவினால் ஆன ஒருவகைக் கட்டியின் உள்ளடக்கம். தீங்கற்ற கட்டியே எனினும், தாடைக்குள் இடம் பிடித்துக்கொண்டே போகும். சிறுவனுக்கு மூன்று வயதாயிருக்கும்போதே பெற்றோர் வீக்கத்தைக் கண்டிருந்தனர். குழந்தை வாயைப் பார்க்க விடாமையால் அப்போது மருத்துவம் நடைபெறவில்லை. மருத்துவர்கள் தாடையெலும்பைப் பக்கவாட்டில் உடைக்காமல் மேற்புறமாகத் துளைத்துப் பையை எடுத்தமையால், தாடையைச் சீரமைக்க வேறு அறுவை தேவைப்படவில்லை. 2014இல் மும்பையில் பதினேழு வயது இளைஞன் ஒருவனிடமிருந்து இத்தகைய பற்கள் 232 எடுக்கப்பட்டன.

இனி, எண்ணிக்கை சரியாயிருந்தும் இடம் மாறி வருவன. நாற்றை நெருக்கி நட்டால் சில பயிர்கள் ஒதுங்கிச் சாய்வது போலத் தாடையில் இடம் போதாதபோது பல் ஒதுங்குகிறது. தெற்றுப்பல் பெரும்பாலும் இவ்வாறு உண்டாவதே. அதை அதிர்ஷ்டம் என்று பாராட்டும் வழக்கத்தோடு நமக்குச் சண்டையில்லை. இடுக்கில் உணவு தங்கிச் சொத்தை விழாதபடி துலக்கினால் போதும். வெளியே தெரியாமல் அண்ணத்தின் பக்கம் திரும்பிவிடும் மேற்கோரைப்பல்தான் கவலைக்குரியது. அது எலும்புக்குள்ளேயே நகர்ந்து பக்கத்துப் பல்லின் வேரைக் கரைத்துவிடவும் கூடும். வழக்கமாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் முளைப்பது அது. பத்து வயதில் மேல் ஈற்றின் வெளிப்புறம் விரலால் தடவினால் அதன் புடைப்புத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிடில் காட்டுவது நலம். அவ்வயதில் பால் கோரைப்பல்லை எடுத்துவிடுவதனாலேயே, உள்ளிருக்கும் பல் பல சமயம் தன் வழிக்குத் திரும்புகிறது. பதினாறு வயதில் அந்த எளிய வழி கிடைப்பதில்லை.

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். எந்த மாமனுக்கும் அதனால் தீங்கு வந்ததில்லை. பிறக்கும்போதே பல்லுடன் பிறக்கும் குழந்தைக்கு அபசகுனம் என்று அதைப் பிடுங்கிவிடுவதே உண்மையான தீங்கு. அது பெரும்பாலும் மிகுதிப் பல் அன்று. முந்தி வந்த பால் பல்லேயாம். ஆடிக்கொண்டிருந்தால் மட்டும், மூச்சுக்குழலில் விழும் அபாயம் கருதி வைத்தியர் எடுப்பார்.

ஒருவருக்கே மிகுதிப் பற்கள் பல இருப்பின் பல்லோடு நிறுத்தலாகாது. காறையெலும்பு வளராத பிறவிக்குறை ஒன்றிலும், குடலில் பல முளைகள் தோன்றிப் பிற்காலத்தில் புற்றாக மாறும் ஒரு பரம்பரை நோயிலும் அவை முன்னறிகுறியாக வருவதுண்டு.

மிகுதிப் பல் எல்லாவற்றையும் எடுத்தே தீர வேண்டுமென்பதும் இல்லை. தொல்லை செய்யாது கிடப்பதை அவ்வப்போது படம் எடுத்துக் கவனித்து வந்தால் போதும். மாடம்பாக்கத்தார் தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953இல் தொடங்கப்பட்டது. அருகிலே வேண்டுமென்பார்க்குப் பள்ளிக்கரணையிலும் ஒரு பல் மருத்துவக் கல்லூரி உண்டு.

தடையை எடுத்தபின் உள்ளிருக்கும் பல் தானாக இறங்கச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இறங்காவிடில் அதன்மேல் சிறு கொக்கி ஒட்டி, மெல்லிய சங்கிலியால் சிறிது சிறிதாக இழுத்துக் கொணர்வர். நம் அங்கத்தினரின் மகளுக்குத் தடைப்பல் எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. அவ்விடத்து ஈறு சற்று வெளுத்துப் புடைத்திருக்கிறது என்று சென்ற வாரம் சொல்லிப் போனார்.