எண்ணெய்க் குப்பியை எடுக்காதே



உங்கள் வீட்டுக் கிராண்ட் பியானோவில் சில கட்டைகள் அழுத்தினால் மீண்டெழத் தாமதிக்கின்றன என்றும், தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். கூடவே கூடாது. அந்த எண்ணெய் கம்பளியில் ஊறி, மரத்தில் பரவி, தூசியோடு கூடிப் பிசினாகி, இன்று தாமதிக்கும் கட்டையை நாளை அசையவொட்டாமலே செய்துவிடும்.

கட்டையின் அழுத்தத்தைக் கம்பியைத் தட்டும் சுத்திக்குக் கொண்டுபோகும் பொறியமைப்பை ஆக்ஷன் என்பர். பியானோ செய்வோரான செபாஸ்தியன் எரார் கண்டுபிடித்ததும் 1821-ல் காப்புரிமை பெறப்பட்டதுமான ஏற்பாட்டின் வழிவந்ததே இன்றைய ஆக்ஷன். கட்டை முழுதும் மேலே வருமுன்பே அதே ஸ்வரத்தை மறுபடி ஒலிக்கச் செய்வது அதன் விசேஷம். அதன் நெம்புகோல்களும் சுத்திகளும் கம்பளித் துணி பதித்த சிறு துளைகளில் மெல்லிய ஊசிகளைப் பற்றிக்கொண்டே அசைகின்றன. ஆகவே உராய்வை அடியோடு ஒழிப்பதல்ல, அளவோடு வைப்பதே நம் காரியம். சுத்தியை அசைத்துவிட்டால் சில தடவை ஊசலாடி அடங்க வேண்டும். உடனே நின்றுவிட்டால் ஊசி இறுகியிருக்கிறது, பக்கவாட்டில் ஆடினால் தளர்ந்திருக்கிறது.

இதைச் சோதிக்கவும் தூசி நீக்கவும் முகப்புச் சட்டங்களைக் கழற்றி ஆக்ஷனை வெளியே இழுக்கும்போது ஒரு கட்டையும் அழுந்தலாகாது. அழுந்தினால் அதன் சுத்தி எழும்பி மேலுள்ள பலகையில் மோதிக் காம்பு முறியும். பிறகு ஆக்ஷனைக் கட்டைகளின் மேலிருந்து பிரித்து, 1 முதல் 88 வரை இலக்கமிட்ட கட்டைகளை வரிசை மாறாமல் எடுத்து வைத்து, அடியில் படிந்த தூசியையும் அந்துப்பூச்சியின் எச்சங்களையும் மென்தூரிகையாலும் உறிஞ்சும் கருவியாலும் நீக்கி, கட்டைகள் செருகியிருந்த உலோக ஊசிகளைப் பாலிஷ் இட்டு மினுக்கி, பாலிஷின் சுவடே இராதபடி துடைத்துவிடு. பாதி வியாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

பூசவேண்டிய இடங்கள் சொற்பம். சுத்திக் காம்பின் அடியிலுள்ள தோலுருளையில் டெஃப்லான் தூளைச் சிறிது தேய். இடது மிதியை அழுத்துகையில் கட்டைகளின் சட்டம் முழுவதும் பக்கவாட்டில் நகர்கிறதாதலால், அதன் அடிப்புறத்தில் டால்க் தூவு. சுத்தியின் தலைக் கம்பளியைத் தொடாதே.

டெஃப்லான் அவ்வளவு வழுக்குமானால் கம்பளிக்கே பதிலாக வைக்கலாகாதா என்பாய். நியூயார்க்கின் ஸ்டெயின்வே பியானோ நிறுவனத்தார் 1960-களில் அதையும் செய்து பார்த்தனர். பருவத்துக்குப் பருவம் மரம் ஈரம் குடித்து உப்பியும் உலர்ந்து சுருங்கியும் வர, டெஃப்லானோ இருந்தபடியே இருந்து ‘டக் டக்’ என்று ஓசையிட்டது. பிற்பாடு கம்பளிக்கே திரும்பினர்.

இவ்வளவுக்குப் பிறகும் தாமதிக்கும் கட்டைகளின் இலக்கங்களை எழுதியனுப்பு. அவற்றின் நெம்புகோல்களிலும் சுத்திகளிலும் உள்ள மெல்லிய ஊசிகளை மாற்ற நேரலாம், அதற்கான கருவிகள் உன்னிடம் இல்லை.