பிக்கப் எந்த வேரியண்ட்டில் இருக்கிறது?

பூதலூரிலிருந்து தஞ்சாவூர் சுமார் 20 கிலோமீட்டர். செங்கிப்பட்டிக்குப் போய் ஏறினால் திருச்சி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலை. கல்லணைப் பக்கம் திரும்பினால் ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் தண்ணீருமாக வளைந்து போகும் கரையோரச் சாலை. இந்த இரண்டிலும் ஓட்டுவதற்கு விறுவிறுப்பான கார் ஒன்று வேண்டும் என்று ஷோரூமுக்குப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "டாப் மாடல்ல பிக்கப் அதிகமா இருக்குமா?"

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் வகைக் கார்களுக்கு இதன் பதில் "இல்லை" என்பதுதான். ஒன்றிரண்டு லட்சம் கூடக் கொடுத்து டாப் வேரியண்ட் எடுத்தால் திரை பெரிதாகும், ஸ்பீக்கர் கூடும். எஞ்சின் அதே எஞ்சின்தான். வேரியண்ட்டின் பெயரை ஒதுக்கிவிட்டு எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக்கும் டயரும், ஆன்ரோடு விலை ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்த்தால் தவறான வண்டியில் பணம் போகாது.

மூன்று வகை உண்டு

முதல் வகையில் வேரியண்ட் மாறினால் வேகமும் உண்மையாகவே மாறும். போர்ஷே 911 இதற்குச் சரியான உதாரணம். 2019இல் வந்த தலைமுறையில் கரேராவும் கரேரா எஸ்ஸும் ஒரே 3.0 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினைத்தான் கொண்டிருந்தன. ஆனால் கரேராவுக்கு 385 பிஎஸ், எஸ்ஸுக்கு 450 பிஎஸ். தானியங்கி கியர்பாக்ஸில் நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட கரேராவுக்கு 4.2 விநாடி, எஸ்ஸுக்கு 3.7 விநாடி என்று நிறுவனமே சொல்கிறது. அங்கே கூடுதல் பணம் எஞ்சினுக்குப் போகிறது.

இரண்டாம் வகையில் எல்லா வேரியண்ட்டுக்கும் ஒரே எஞ்சின், ஒரே சக்தி. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான ஹூண்டாய் ஐ20 என் லைன் இந்த வகை. 2024 ஜூனில் வந்த டாடா ஆல்ட்ராஸ் ரேசரும் இதே கதைதான். ஆர்1, ஆர்2, ஆர்3 என்ற மூன்றுக்கும் 120 பிஎஸ் தரும் அதே 1.2 லிட்டர் டர்போ, அதே 6 கியர் மேனுவல். அறிமுகத்தின்போது ஆர்1 விலை ரூ.9.49 லட்சம், ஆர்3 ரூ.10.99 லட்சம். இடையிலுள்ள ஒன்றரை லட்சம் வசதிகளுக்கான பணம்.

மூன்றாம் வகையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெயரும் தோற்றமும் ஸ்போர்ட்ஸ், உள்ளே சாதாரண எஞ்சின். ஃபோக்ஸ்வாகன் விர்டஸில் 'ஜிடி லைன்', 'ஜிடி பிளஸ்' என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஜிடி லைனில் இருப்பது 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர் தரும் 1.0 லிட்டர் எஞ்சின். ஜிடி பிளஸ்ஸில் இருப்பது 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் தரும் 1.5 லிட்டர் எஞ்சின். தெருவில் நிற்கும்போது இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். சாலையில் ஏறினால் வேறு வேறு வண்டி. எந்த நிறுவனமானாலும் பெயரோடு 'லைன்', 'எடிஷன்' என்ற ஒட்டு வந்தால், எஞ்சின் கொள்ளளவு என்ன, எத்தனை பிஎஸ் என்பதை விலைப்பட்டியலில் பார்த்த பிறகே மேலே பேசுங்கள்.

ஐ20 என் லைன்: நான்கு தேர்வு, ஒரே எஞ்சின்

நம் பகுதியில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடிய விலையில் வந்த ஸ்போர்ட்ஸ் வகைக் கார் என்பதால் ஐ20 என் லைனையே விரிவாகப் பார்ப்போம். 2023 செப்டம்பரில் புதுப்பித்து வந்தபோது என்6, என்8 என்று இரண்டு வேரியண்ட். ஒவ்வொன்றிலும் 6 கியர் மேனுவல் அல்லது 7 கியர் டிசிடி. ஆக நான்கு தேர்வு. நான்கிலும் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர்.

சாதாரண ஐ20இலிருந்து என் லைனைப் பிரித்துக் காட்டுபவை விறைப்பான சஸ்பென்ஷன், கனமான ஸ்டியரிங், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், மாற்றியமைத்த சைலன்சர். இவை என்6இலேயே வந்துவிடுகின்றன. ஆறு ஏர்பேக், வண்டி வழுக்கினால் நிலைப்படுத்தும் இஎஸ்சி ஆகியவையும் அப்படித்தான். என்8இல் கூடுதலாக வருபவற்றில் முக்கியமானவை 10.25 அங்குலத் திரையும் போஸ் நிறுவனத்தின் 7 ஸ்பீக்கர் அமைப்பும். இவை வேண்டாத பொருட்கள் அல்ல. தினமும் திருச்சி வரை வேலைக்குப் போய்வருகிறவருக்கு நல்ல ஒலியமைப்பு பெரிய ஆறுதல். ஆனால் அவற்றால் ஒரு விநாடிகூட மிச்சமாகாது.

பிஎஸ்ஸை விட டார்க் முக்கியம்

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பிஎஸ் கணக்கு. நம் சாலையில் தினமும் கைகொடுப்பது டார்க், அதாவது இழுவிசை. அது எத்தனை ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சாதாரண ஐ20இன் 1.2 லிட்டர் எஞ்சின் சுமார் 115 நியூட்டன் மீட்டரை 4,200 ஆர்பிஎம்மில் தருகிறது. என் லைனின் டர்போ எஞ்சின் 172ஐ 1,500 ஆர்பிஎம்மிலேயே தந்து, 4,000 வரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. முன்னதில் லாரியை முந்த இரண்டு கியர் இறக்கி எஞ்சினைக் கதறவிட வேண்டும். பின்னதில் மிதித்தாலே வண்டி கிளம்பும்.

முந்துவதில் இதன் மதிப்பை ஒரு கணக்கு போட்டால் தெரியும். இருவழிச் சாலையில் முன்னால் ஒரு நெல் லாரி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. லாரியின் நீளம், முன்னும் பின்னும் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து 40 மீட்டர் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 60இல் முந்தினால் ஏழு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் 120 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 60இல் வரும் வண்டியும் 120 மீட்டர் வந்திருக்கும். ஆக 240 மீட்டர் வெறும் சாலை தேவை. 80இல் முந்தினால் நாலு விநாடிக்குள் முடிந்துவிடும். தேவைப்படுவது 140 மீட்டர்தான். விறுவிறுப்பான எஞ்சினின் உண்மையான பயன் எதிர்ப்புறத் தடத்தில் நிற்கும் நேரம் குறைவதில் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 60இலிருந்து 80க்குப் போனால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய 1.8 மடங்காகும். அதனால்தான் பிக்கப்பைப் பார்க்கிறவர் பிரேக்கையும் டயரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேனுவலா, டிசிடியா?

என் லைனில் ஓட்டும் அனுபவத்தை உண்மையாகவே மாற்றும் தேர்வு இதுதான். டிசிடி என்பது இரட்டை கிளட்ச் உள்ள தானியங்கி கியர்பாக்ஸ். ஒரு கியர் ஓடும்போதே அடுத்த கியர் தயாராக இருப்பதால் மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். டிசிடி வண்டி 9.9 விநாடியில் 100ஐத் தொடும் என்று ஹூண்டாய் சொன்னது. எல்லா ஓட்டுநராலும் மேனுவலில் இதை எட்டிவிட முடியாது; டிசிடியில் யார் மிதித்தாலும் ஏறக்குறைய அதே வேகம் கிடைக்கும்.

ஆனால் நம் பக்கத்துச் சாலையின் குணம் வேறு. குருங்குளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர், அறுவடைக் காலத்தில் ஊர்ந்துபோகும் அறுவடை இயந்திரம் ஆகியவற்றின் பின்னால் பல நிமிடம் நகர வேண்டியிருக்கும். இந்த டிசிடியில் இருப்பது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். நின்றும் நகர்ந்தும் ஊர்ந்தால் அது சூடேறும். முன் வண்டியோடு ஒட்டி ஊர்ந்துகொண்டே இருக்காமல், சற்று இடைவெளி விட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து நின்று, பிறகு கிளம்பினால் கிளட்ச் நீண்ட நாள் உழைக்கும். அந்தப் பொறுமை உள்ளவருக்கு டிசிடி சுகம். முழங்கால் வலி உள்ளவருக்கும், திருச்சி நகர நெரிசலில் தினமும் ஓட்டுகிறவருக்கும் அதுவே சரி. மற்றவர்களுக்கு மேனுவலே குறைந்த விலையில் நிறைந்த மகிழ்ச்சி தரும்.

பத்து லட்சம் என்னும் கோடு

ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிட்டால் பாதி உண்மைதான் தெரியும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காரின் வாழ்நாள் சாலை வரி விலையைப் பொறுத்துப் படிப்படியாக ஏறுகிறது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம்.

அறிமுக விலையை வைத்தே பாருங்கள். என்6 மேனுவல் ரூ.9.99 லட்சம், சாலை வரி சுமார் ரூ.1.30 லட்சம். என்8 மேனுவல் ரூ.11.21 லட்சம், சாலை வரி சுமார் ரூ.2.02 லட்சம். பட்டியலில் 1.22 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் கையிலிருந்து போகும்போது 1.94 லட்சமாகிவிடுகிறது. அத்தனையும் திரைக்கும் ஸ்பீக்கருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. 3,995 மில்லிமீட்டர் நீளமும் 998 சிசியும் உள்ள ஐ20 என் லைன் இதற்குள் வருகிறது. நாலரை மீட்டரைத் தாண்டும் விர்டஸ் 40 சதவீத வரம்பில் வருகிறது. விலை மாறிக்கொண்டே இருந்தாலும் 10 லட்சம் என்ற கோடு மாறவில்லை. நீங்கள் பார்க்கும் வேரியண்ட் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முதலில் பாருங்கள்.

டெல்டா சாலைக்கு எது முக்கியம்?

இங்கே சாலையின் நிலை மாதத்துக்கு மாதம் மாறும். குறுவை அறுவடையிலும், தை, மாசியில் சம்பா அறுவடையிலும் சாலையில் நெல் காயும், வைக்கோல் பரந்து கிடக்கும். உலர்ந்த நெல்மணி டயருக்கு அடியில் உருளும்; அதன்மேல் பிரேக் பிடித்தால் ஏபிஎஸ் இருந்தும் வண்டி சறுக்கும். 120 பிஎஸ்ஸும் 150 பிஎஸ்ஸும் அந்த இடத்தில் ஒன்றுதான். வைக்கோலின்மேல் ஓட்டுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். அது அடியில் சிக்கிச் சூடான சைலன்சர் குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. தரைக்கு நெருங்கி நிற்கும் கார்களுக்கு இது கூடுதல் ஆபத்து.

விறைப்பான சஸ்பென்ஷன் நான்குவழிச் சாலையில் வண்டியைத் தரையோடு பிடித்துவைக்கும். கேஜ் வீல் டிராக்டர் ஏறிக் கீறிய கிராமச் சாலையில் அதே விறைப்பு முதுகில் தெரியும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைப் பின் இருக்கையில் அமர்த்திப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பழைய வண்டி வாங்குவதானால்

2021இல் இருந்து 2023 புதுப்பிப்பு வரை வந்த என் லைனில் வழக்கமான மேனுவல் கிடையாது. ஐஎம்டி என்ற, கிளட்ச் மிதி இல்லாத, ஆனால் கையால் கியர் மாற்றும் அமைப்புதான் இருந்தது. டிசிடி என்8இல் மட்டும். எஞ்சின் அதே 120 பிஎஸ். கிளட்சைத் தானே கையாள விரும்புகிறவர் 2023 செப்டம்பருக்குப் பிந்தைய வண்டியைத் தேட வேண்டும். எஞ்சின் கணினியை மாற்றிச் சக்தி கூட்டிய வண்டி என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதன் வாரண்டியும் இன்சூரன்ஸும் செல்லுமா என்று கேட்டுத் தெளியுங்கள்.

டெஸ்ட் டிரைவில் செய்ய வேண்டியவை

தனியாக ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் பறக்கும். நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு ஓட்டுங்கள். மூன்றாம் கியரில் 40இலிருந்து மிதித்து, தயங்காமல் கிளம்புகிறதா என்று பாருங்கள். ஆளில்லாத நேரான சாலையில் ஒரு முறை அழுத்தி பிரேக் பிடியுங்கள். வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்று கவனியுங்கள். என்6, என்8 இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். பிக்கப்பில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் கணிப்பு சரி.

எதை எடுக்கலாம்?

ஓட்டும் சுவைக்காகவே வாங்குகிறவருக்கு என்6 மேனுவல் போதும். முழு எஞ்சினும், முழு பிரேக்கும், குறைந்த சாலை வரியும் அதில் இருக்கின்றன. நகர நெரிசல் அதிகம் என்றால் என்6 டிசிடி. திரையும் இசையும் தேவை என்று தெரிந்தே கொடுக்கிறவருக்கு மட்டும் என்8. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுகிறவர், பணமும் இருக்கிறது என்றால், 1.5 லிட்டர் எஞ்சின் உள்ள விர்டஸ் ஜிடி பிளஸ் வாங்கலாம். ஜிடி லைனை வேகத்துக்காக வாங்க வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும், முழுமையான இன்சூரன்ஸும் எடுங்கள். வண்டியின் முழு வேகத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால், இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. முறையான பயிற்சி பெற்று அங்கே ஓட்டுங்கள். ஆற்றங்கரைச் சாலை பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் சாலை. அங்கே எந்த வேரியண்ட்டும் மெதுவாகத்தான் போக வேண்டும்.