ஒரு கல், பல நிறம்

மாணிக்கம் சிவப்பு, மரகதம் பச்சை என்று கல்லுக்கொரு நிறம் சொல்வது நம் வழக்கம். ஆனால், ஒரே கல்லில் பல நிறங்கள் இயற்கையாகவே தோன்றுவதும் உண்டு. அதற்குரிய காரணங்களுள் மூன்றை இங்குக் காண்போம்.

முதலாவது, வளர்ச்சி. டூர்மலின் என்னும் படிகம் பூமிக்கடியில் சிறிது சிறிதாக வளர்வது. வளரும்போது சுற்றியுள்ள தனிமங்களின் அளவு மாறினால் நிறமும் மாறும். மாங்கனீசு மிகுந்த நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவும், இரும்பு சேர்ந்த வெளிப்பகுதி பச்சையாகவும் அமைவதுண்டு. குறுக்கே அறுத்தால் தர்ப்பூசணித் துண்டு போலவே இருக்கும். பிரேசில் நாட்டில் இத்தகைய கற்கள் கிடைக்கின்றன.

இரண்டாவது, வெளிச்சம். 1830களில் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கண்டறியப்பட்ட அலெக்சாண்டிரைட், பகலில் பச்சை. மெழுகுவர்த்தி ஒளியில் சிவப்பு. இதிலுள்ள குரோமியம் மஞ்சள் ஒளியை உறிஞ்சிக்கொண்டு, பச்சையையும் சிவப்பையும் ஏறத்தாழச் சமமாக வெளியே விடுகிறது. ஆகவே, விழும் ஒளியில் எது மிகுதியோ அதுவே கல்லின் நிறமாகிறது.

மூன்றாவது, திசை. சில படிகங்களில் அணுக்களின் அடுக்கு திசைக்குத் திசை வேறுபடும். ஒளியை உறிஞ்சும் விதமும் வேறுபடும். நம் கரூர், காங்கேயம் வட்டாரத்திலும் கிடைக்கும் அயோலைட் இதற்கு நல்ல சான்று. ஒரு திசையில் ஊதா கலந்த நீலம், மற்றொன்றில் வெளிர்நீலம், பிறிதொன்றில் வெளிர்மஞ்சள். பட்டை தீட்டுபவர் திசை தவறினால் நல்ல நீலக் கல்லும் வெளிறிப் போகும், விலையும் போகும்.

இப்பண்பு கல்லைச் சோதிக்கவும் உதவுகிறது. கால்சைட் பொருத்திய சிறு குழாய் ஒன்றின் வழியே மாணிக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், இருவகைச் சிவப்பு அடுத்தடுத்துத் தெரியும். சிவப்புக் கண்ணாடியிலும் ஸ்பைனல் கல்லிலும் ஒரே சிவப்புதான். பிரிட்டிஷ் மணிமுடியில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று புகழப்படும் கல்லே உண்மையில் ஸ்பைனல்தான்! நிறத்தை மட்டும் நம்பி நூற்றாண்டுகளாக அதனை மாணிக்கம் என்றே கொண்டிருந்தனர்.

எனினும், ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் மாணிக்கமும் அதே இருவகைச் சிவப்பைக் காட்டும் என்பதை மறத்தலாகாது. கல் இன்னதென்று இச்சோதனை கூறும். மண்ணில் விளைந்ததா என்று கூறாது. அதற்கு உருப்பெருக்கியால் உள்ளே நோக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, கல் வாங்கும்போது கடை விளக்கொளியில் ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலொளியிலும் பாருங்கள், திருப்பியும் பாருங்கள். ஒரு கோணத்தில் கண்டது முழு உண்மையன்று என்பதே இக்கற்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.