ஈறு வெளுத்துப் போனால்…



சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். மூன்று பிள்ளைகளின் தாய். கூடை நிறையக் கொண்டு வருகிறவர், அந்த வருடம் பாதி மலை ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவார். கிலோ குறைந்தது, அரைப் பேர் விழுந்தது. "சோம்பேறித்தனம்" என்று மலையில் பேசினார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் பிள்ளைக்காம்பராவில் அவர் சிரித்துப் பேசும்போது மிட்வைப் அம்மா கவனித்துவிட்டு, "என்ன புள்ள, ஈறெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். ரெத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 7 கூட இல்லை.

ஈறு (சிலர் முரசு என்பார்கள்) இளஞ்சிவப்பாக இருப்பது அதில் ஓடும் ரெத்தத்தால். ரெத்தத்திற்குச் சிவப்பு நிறம் கொடுப்பதும், மூச்சுக்காற்றை உடம்பெங்கும் சுமந்து செல்வதும் ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் ஈறு வெளுக்கும், களைப்பு வரும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இதுதான் ரெத்தச்சோகை. சிலருக்கு மண், பச்சரிசி தின்னும் ஆசைகூட வரும்.

வீட்டிலேயே பார்க்கலாம். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் இஸ்தோப்பில் நின்று பாருங்கள். வெற்றிலைச் சாயம் ஏறிய வாயிலும், இயற்கையாகவே ஈறு கறுத்தவர்களிடமும் சரியாகத் தெரியாது. அவர்களுக்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பாருங்கள், உள்ளங்கையையும் பாருங்கள். ஆனால் கண்ணால் பார்ப்பது சந்தேகத்திற்கு மட்டும்தான். முடிவு சொல்வது ரெத்தப் பரிசோதனை. ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சோகை.

ஏன் வருகிறது? பெண்களுக்கு மாதவிடாயில் அதிகம் ரெத்தம் போவதும், அடுத்தடுத்து பிள்ளை பெறுவதும் பெரிய காரணம். "அது பொம்பளைங்களுக்கு வழமைதானே" என்று மறைக்காதீர்கள். ஆண்களுக்குச் சோகை என்றால் மூலம், வயிற்றுப்புண் போன்றவற்றால் உள்ளே ரெத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி ரெத்தத்தை உறிஞ்சும். கக்கூசைப் பாவிப்பதும் செருப்புப் போடுவதும் இதற்காகத்தான்.

இன்னொரு காரணம் நம் கையில்தான் இருக்கிறது. தேயிலையால் பிழைக்கிற நாமே அதைக் குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். சாயத்தண்ணியில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ரொட்டியைத் தின்றுகொண்டே தேத்தண்ணி குடித்தால் கீரை தின்றதும் வீண். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள். ரொட்டியோடு தேசிக்காய் பிழிந்த சம்பல் இருந்தால், அதன் புளிப்பு இரும்பு சேர உதவும். கொய்யாவும் நெல்லிக்காயும் அப்படியே. நெத்தலி, கருவாடு, ஈரல், இறைச்சி ஆகியவற்றின் இரும்பு சுலபமாகச் சேரும். கௌபி, பயறு, கீரையில் உள்ளது மெதுவாகத்தான் சேரும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணித் தாயின் திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

சோகை வந்த பிறகு சாப்பாடு மட்டும் போதாது. இரும்பு மாத்திரை வேண்டும். ஆனால் தலசீமியா போன்ற பரம்பரைச் சோகையும் உண்டு என்பதால், பரிசோதிக்காமல் அடுத்த காம்பிராவில் கடன் வாங்கி விழுங்காதீர்கள். மாத்திரையைத் தண்ணீரோடு குடியுங்கள், தேத்தண்ணியோடு வேண்டாம். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போடுங்கள். வயிற்றைப் பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். களைப்புத் தீர்ந்ததும் நிறுத்துவதும் பிழை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். புழு மருந்தைக் கிளினிக்கில் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் அது கொடுப்பதில்லை.

அந்த அக்கா மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் பழையபடி மலை ஏறினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடந்து 1979-இல் வெளிவந்த ஓர் ஆய்விலும், ரெத்தம் குறைந்த பெண்கள் இரும்புச்சத்துக் கொடுத்த ஒரு மாதத்தில் கூடுதல் கொழுந்து எடுத்தார்கள். கிலோ குறைந்தவரை ஏசுவதற்கு முன் கங்காணிமார் இதையும் நினைக்க வேண்டும்.

எல்லா வெள்ளையும் சோகை அல்ல. குழந்தையின் வாயில் துடைத்தால் வருகிற தயிர்போன்ற படலம் பூஞ்சணம், அதற்கு வேறு மருந்து. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களின் ஈறிலோ கன்னத்திலோ துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால், காரம் பட்டால் எரிந்தால், வாயை முன்போலத் திறக்க முடியாவிட்டால் உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் இப்படித்தான் தொடங்கலாம். வலிக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், மயங்கி விழுந்தால், இரும்பு மாத்திரை போடாமலே மலம் தார்போலக் கறுத்தால், லொறியோ ஓட்டோவோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈறு வெளுத்த கர்ப்பிணி லயத்தில் பிள்ளை பெறக்கூடாது. பிரசவத்தில் போகிற ரெத்தத்தை அந்த உடம்பு தாங்காது.

மாத்திரையைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பு என்று நினைத்துச் சின்னப் பிள்ளை விழுங்கினால் அது நஞ்சு. எத்தனை விழுங்கியது என்று எண்ணிக்கொண்டு நிற்காமல், மிச்ச மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.