விலையும் பயனும்: புதிய வரைவியல் அட்டைகள் பற்றிய ஓர் ஆய்வு

பொருளொன்றின் விலை வேறு; அதன் பயன் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கமே வாங்குவோர் பலரின் இழப்புக்குக் காரணமாகின்றது. எமது கல்லூரியிற் பயிலும் மாணவரும், பயின்று வெளியேறித் தொழில் புரியும் இளைஞரும் எம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. கணினியிற் பொருத்தப்படும் விலையுயர்ந்த புதிய வரைவியல் அட்டையை வாங்குதல் தகுமோ என்பதே அது. கடை வழக்கில் 'கிராபிக்ஸ் கார்ட்' எனப்படுவதையே வரைவியல் அட்டை என ஈண்டுக் குறிக்கின்றோம். பழைய மாணவர் பலர் விழாவின் நினைவாகக் கணினிக்கூடத்துக்கு நன்கொடை வழங்க முன்வரும் இவ்வேளையில், அவ்வினாவை நிதானமாக ஆராய்தல் பொருத்தமுடைத்து.

படுவான்கரையில் வேளாண்மை செய்யும் அன்பர் ஒருவரை யாம் அறிவோம். இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் தளர்ந்த 2021ஆம் ஆண்டிலே, மனைவியின் காப்புகளை ஈடுவைத்து, மகனுக்கு உயர்தர அட்டையொன்றை அவர் வாங்கிக் கொடுத்தார். மகன் திருமணக் காட்சிகளைத் தொகுத்துப் பொருளீட்ட விரும்பினான். அட்டை வந்தது; வேலை விரைவுபடவில்லை. யாம் சென்று பார்த்தபொழுது, கணினியின் நினைவகம் 4 ஜிகாபைட்டு மாத்திரமே. தரவுகளைச் சேமித்ததோ பழைய சுழலும் வன்தட்டு. பின்னர்ச் சிறுதொகை செலவிட்டு இவ்விரண்டையும் மாற்றிய பிறகே வேலை ஓடத் தொடங்கியது. ஈடுவைத்த காப்புகள் மீள்வதற்கோ இரண்டு போகம் சென்றன. குறை அட்டையிலன்று, வாங்குமுன் கேட்கவேண்டிய வினாக்களைக் கேளாது விட்டமையே குறை. அவ்வினாக்கள் யாவை என்பதை முறையே நோக்குவோம்.

1. அட்டையின் தொழில்

கணினித் திரை எண்ணிறந்த புள்ளிகளால் ஆனது. இன்று பெருவழக்கிலுள்ள திரையில் அகலவாட்டில் 1,920 புள்ளிகளும் உயரவாட்டில் 1,080 புள்ளிகளும் உள. இவற்றைப் பெருக்கினால் 2,073,600 ஆகும். அசையும் காட்சி செம்மையாகத் தோன்றுதற்கு இவை செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படல் வேண்டுமெனின், செக்கன் ஒன்றில் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணித்தல் வேண்டும்.

கணினியின் மையச் செயலி கடினமான பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிக்கும் ஆற்றலுடையது. ஆயின் எளிய கணக்குகள் கோடிக்கணக்கில் ஒருசேர வந்துழி அது திணறும். வேளாண்மை வெட்டுக் காலத்திலே, எத்துணைத் திறமையுடையவராயினும் ஒருவர் தனித்து வெட்டுவதற்கும், நூறுபேர் வரிசையாக நின்று வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உளது. வரைவியல் அட்டையில் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பு உறுப்புகள் ஒருங்கே தொழிற்படுகின்றன. 1999ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜீபோர்ஸ் 256 என்னும் அட்டை, இத்துறையில் ஒரு தொடக்கக் கல்லாகக் கருதப்படுகின்றது.

ஆயினும் நூறுபேர் வெட்டுவதற்கு நூறுபேருக்கான வயல் வேண்டும். கடிதம் எழுதுதல், கணக்கேடு பேணல், இணையத்திற் படித்தல் ஆகியவற்றுக்கு மையச் செயலியோடு இணைந்து வரும் சாதாரண வரைவியற் பகுதியே போதும். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவன் பைதன் மொழியில் நிரல் எழுதுவதற்கும் தரவுத்தளம் அமைப்பதற்கும் தனி அட்டை எதுவும் வேண்டியதில்லை.

2. புதுமை வேறு, முன்னேற்றம் வேறு

புதிதாக வந்தது பழையதினும் மேம்பட்டதே என்பது வணிகரின் வாக்கு. அது சிலபோது மெய், சிலபோது பொய். 2018ஆம் ஆண்டில் ஆயிரம் டொலருக்கு மேல் விற்ற ஆர்.டி.எக்ஸ். 2080 டி.ஐ. அட்டையின் வேகத்தை, 2020ஆம் ஆண்டில் 499 டொலர் விலை குறித்து வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3070 ஏறக்குறைய எட்டியது. இஃது உண்மையான முன்னேற்றம். அதற்கு மாறாக, 2021இல் 329 டொலர் விலையில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டை 12 ஜிகாபைட்டு நினைவகம் உடையதாயிருக்க, 2023இல் 299 டொலருக்கு வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 அட்டையில் 8 ஜிகாபைட்டே இருந்தது. மின்செலவு குறைந்தது, வேகம் சிறிது கூடியது, நினைவகமோ சுருங்கியது. ஆதலின் பெயரிலுள்ள எண் பெரிதாதல் கண்டு மயங்காது, எது கூடியது, எது குறைந்தது என்று நோக்குவதே அறிவுடைமை.

அறிவிக்கப்பட்ட விலைக்கே பொருள் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2020 செப்டெம்பரில் 699 டொலர் எனக் குறிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 3080, அடுத்த ஆண்டிலே உலகச் சந்தையில் அதன் இருமடங்குக்கும் விலைபோயிற்று. சில்லுப் பற்றாக்குறையும், எதீரியம் முதலிய மறையீட்டு நாணயங்களை ஈட்டுவோர் அட்டைகளைக் குவியல் குவியலாக வாங்கியமையும் இதற்குக் காரணங்கள். 2022 செப்டெம்பர் 15ஆம் நாள் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொள்ள, அவ்வேட்கை தணிந்தது. இரவுபகலாக உழைத்த அட்டைகள் பழஞ்சந்தைக்கு வந்தன. பயன்படுத்திய அட்டையை வாங்குவோர் அதனைச் சிலமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தே பணங்கொடுத்தல் நன்று.

3. எமது நாட்டின் கணக்கு

"பொறுத்திரு, விலை இறங்கும்" என்பது அயல்நாட்டார் கூறும் அறிவுரை. அஃது எமது நாட்டுக்கு அப்படியே பொருந்துவதன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை அண்மியது. 699 டொலர்ப் பொருள் முன்னைய கணக்கில் 139,800 ரூபா. அதே பொருள் 450 டொலராக இறங்கிற்று என ஒரு பேச்சுக்குக் கொண்டாலும், பின்னைய கணக்கில் 162,000 ரூபா ஆகின்றது. பொருளின் விலை இறங்கியும் வாங்குவோன் கொடுக்கும் தொகை ஏறியது. பொறுத்திருந்தவன் தோற்றான்.

இதனால் விரைந்து வாங்குவதே மேல் என்று கொள்ளுதலும் தவறு. நாணயத்தின் ஏற்ற இறக்கத்தை முன்னறிவது எம் போன்றோர்க்கு இயலாது. வேலை கையில் வந்தபொழுது, அவ்வேலையின் அளவுக்கு வாங்குதலே இருபுறத்துத் தீங்கினின்றும் தப்பும் வழி. 2025 சனவரியில் 1,999 டொலர் விலை குறித்து ஆர்.டி.எக்ஸ். 5090 வெளிவந்தது. டொலர் ஒன்றுக்கு 300 ரூபா எனக் கணக்கிடின், வரியும் வணிகர் ஊதியமும் நீங்கலாகவே இது ஆறு இலட்சத்தைத் தொடுகின்றது. வேலை ஏதென அறியாமல் இவ்வளவு தொகையை முடக்குதல் எங்ஙனம் தகும்?

4. வாங்கியபின் வரும் செலவு

அட்டையின் விலை ஒருமுறை கொடுப்பது. மின்கட்டணமோ மாதந்தோறும் கொடுப்பது. 450 வாற்று வலுக்கொள்ளும் ஆர்.டி.எக்ஸ். 4090 போன்றதோர் அட்டையை நாளொன்றுக்கு 4 மணிநேரம் முழுவலுவில் இயக்கினால், முப்பது நாளில் 54 மின்னலகுகள் செலவாகும். 115 வாற்று அட்டைக்கு அதே கணக்கில் 14 அலகுக்கும் குறைவே. எமது நாட்டில் அலகுகளின் தொகை கூடக்கூட ஓரலகின் கட்டணமும் கூடுகின்றது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தமையும், 2024இல் அது ஓரளவு குறைந்தமையும் யாவரும் அறிந்தனவே.

கொண்ட மின்வலு முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். குளிர்நாட்டார்க்கு அது மாரியில் இதமாக இருத்தல் கூடும். சித்திரை வைகாசியில் வாவிக்கரையோரத்துச் சிற்றறையில் வாழும் எமக்கு அது துன்பமே. கடற்காற்றின் உப்பும், மாரிக்கால ஈரமும் உலோக இணைப்புகளை அரிக்கும். இல்லங்களில் வழங்கும் சிறிய யூ.பி.எஸ். கருவி இத்தகைய பெரிய அட்டையின் சுமையைத் தாங்காது. ஆகவே பெரிய அட்டையை வாங்குவோன் பெரிய மின்வழங்கியையும், பெரிய காப்புக் கருவியையும், காற்றோட்டமுள்ள பெட்டியையும் சேர்த்தே வாங்குகின்றான்.

5. யாருக்கு வேண்டும்?

விலையுயர்ந்த அட்டை வீண் என்று யாம் கூறவில்லை. முப்பரிமாண அசைவுப்படம் ஆக்குவோர்க்கும், நாள்தோறும் நெடிய காட்சிகளைத் தொகுப்போர்க்கும், செயற்கை நுண்ணறிவு பயில்வோர்க்கும் அது மெய்யாகவே உதவுகின்றது. 2012ஆம் ஆண்டிலே தொரன்ரோப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிசெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கேவர், ஜெப்ரி ஹின்டன் ஆகியோர், படங்களை வகைப்படுத்தும் நிரலொன்றை ஆக்கி உலகின் கவனத்தை ஈர்த்தனர். ஏறக்குறைய 12 இலட்சம் படங்களைக் கொண்டு அந்நிரலைப் பயிற்றியவை, விளையாட்டுப் பிரியருக்காகக் கடையில் விற்ற இரண்டு ஜி.டி.எக்ஸ். 580 அட்டைகளே. ஒவ்வொன்றிலும் 3 ஜிகாபைட்டு நினைவகமே இருந்தமையால், வேலையை இரண்டாகப் பகுத்து ஐந்தாறு நாள் ஓடவிட்டனர். அவர்கள் பெற்ற வெற்றியில் அட்டைக்கும் பங்குண்டு. ஆயின் வேலை முந்தியது, அட்டை பிந்தியது.

வாங்காமற் கற்கும் வழியும் உண்டு. தொலைவிலுள்ள கணினிகளின் அட்டைகளை இணையவழியே மணிக்கணக்கில் வாடகைக்குப் பெறலாம். கூகுள் கொலாப் போன்ற சேவைகள் வரையறைக்கு உட்பட்டு இலவசமாகவும் வழங்குகின்றன. மாதத்தில் சில மணிநேரமே தேவைப்படும் மாணவனுக்கு இதுவே சிறந்தது.

தொழில் புரிவோர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்பாராக. சிறிய அட்டையினும் பெரிய அட்டைக்கு மேலதிகமாக 300,000 ரூபா வேண்டும் எனக் கொள்வோம். அதனால் மாதம் 20 மணிநேரம் மிஞ்சி, மணிநேரம் ஒன்று 500 ரூபா பெறுமெனின், மாத மிச்சம் 10,000 ரூபா; 30 மாதத்தில் முதல் மீளும். மிஞ்சுவது இரண்டு மணிநேரமே எனின், முதல் மீள 300 மாதம், அஃதாவது 25 ஆண்டு செல்லும். அதற்கு முன்னரே அட்டை பழம்பொருளாகிவிடும். அட்டை ஒன்றே, கணக்கில் ஒருவர்க்கு அது முதலீடு, மற்றவர்க்கு அது கடன்.

விளையாட்டுக்காக வாங்குவோரையும் யாம் இகழோம். உழைத்த பணத்தில் ஓய்வை நாடுதல் குற்றமன்று. ஆயின் 1,080 வரித் திரையை வைத்துக்கொண்டு, அதன் நான்கு மடங்கு புள்ளிகளுடைய திரைக்கென ஆக்கிய அட்டையை வாங்குதல் பொருந்தாது.

6. கல்லூரிக்கு எது தகும்?

இனி, கட்டுரையின் தொடக்கத்திற் குறித்த நன்கொடைக்கு வருவோம். ஆர்.டி.எக்ஸ். 5090 ஒன்றின் அறிமுக விலை 1,999 டொலர். 2024 டிசெம்பரில் இன்டெல் நிறுவனம் 12 ஜிகாபைட்டு நினைவகத்துடன் வெளியிட்ட ஆர்க் பி580 அட்டையின் அறிமுக விலை 249 டொலர். எட்டு அட்டைகளுக்கு 1,992 டொலர். ஏற்கெனவே நல்ல கணினிகள் உள்ள கூடத்தில், முன்னையதை வாங்கினால் ஒரு மாணவன் இருந்து பயில எழுவர் பின்னின்று பார்ப்பர். பின்னையதை வாங்கினால் எண்மரும் இருந்து பயில்வர். கணினிகளே பழையனவாயின், அட்டைக்கு முன்னர் நினைவகமும் திண்மநிலைத் தட்டுமே வேண்டப்படுவன. பெயர்ப்பலகைக்குப் பெரிய அட்டை அழகு தரலாம். கல்விக்கு இருக்கைகளின் எண்ணிக்கையே அழகு.

எமது வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஆழமோ மிக்க இடத்தும் 4 மீற்றர் அளவினதே. ஆழ்கடலுக்கு ஆக்கிய பெருங்கலத்தை அதில் விடுவோர் இலர். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே தோணி சென்று வருவது, நீரின் ஆழம் அறிந்தே தோணி ஆக்கப்பட்டமையால். மாணவ அன்பர்காள்! வாங்குமுன் மூன்று வினாக்களை வினாவுக: எம் கையிலுள்ள வேலை யாது? எம் கணினியின் ஏனைய உறுப்புகள் இதற்கு ஈடுகொடுக்குமா? மாதந்தோறும் வரும் செலவை எம் இல்லம் தாங்குமா? இம்மூன்றுக்கும் தெளிந்த விடை கிடைப்பின் விலைக்கு அஞ்சாது வாங்குக. கிடையாதாயின், தாயின் காப்பு அவள் கையிலேயே இருப்பதாக.